நூலகத்துக்கு வராதவர்களிடம் கேட்டோம்

கடலூர் முதுநகரில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. ஆதார் நகல், சாதிச் சான்று விண்ணப்பம், பள்ளிக்கூட ப்ராஜெக்ட், வீட்டு வரி ரசீது என்று இந்தப் பக்கத்துக் காகிதம் எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். வரி ரசீதில் நூலக வரி என்று ஒரு தொகை இருப்பதைப் பல வருடமாகப் பார்த்திருக்கிறேன். அது என்ன என்று நானும் யோசித்ததில்லை, ரசீதை நீட்டியவர்களும் கேட்டதில்லை. இத்தனைக்கும் கிளை நூலகம் என் கடையிலிருந்து நாலு கட்டிடம் தள்ளித்தான்.

அந்த நூலகத்துக்குப் பத்து வருடத் திட்டம் எழுதும் வேலையில் மூன்று வருடமாக இருக்கிறேன். அதில் கற்றுக்கொண்டதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. வேறு ஊர்களில் வாசகர் வட்டம் நடத்துபவர்களுக்கோ நூலகர்களுக்கோ இது உதவினால், எங்களுக்கு வீணான ஒரு வருடம் அவர்களுக்கு மிஞ்சும்.

ஒரு கடிதத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. எங்கள் நூலகம் வாடகைக் கட்டிடத்தில் இருக்கிறது. இடத்துக்காரர் நல்ல மனிதர். ஆனால் பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்க வேண்டியிருக்கிறது, நாலைந்து வருடத்தில் காலி செய்து கொடுங்கள் என்று எழுத்தில் கொடுத்துவிட்டார். அதை நகல் எடுக்க நூலகர் என் கடைக்கு வந்தார். "அக்கா, மாவட்ட நூலக அலுவலகத்துக்கு இதை அனுப்பணும். கூடவே எங்கே கட்டலாம், எப்படிக் கட்டலாம்னு ஊர் சார்பா ஒரு மனு போனா நல்லா இருக்கும். நான் எழுத முடியாது, வாசகர் வட்டம் எழுதலாம். ஆனா வட்டத்துல இப்போ ஆளே இல்ல" என்றார். அவர் முகத்தைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டேன்.

என் அக்கா மகன் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நூலக அறிவியல் படித்துக்கொண்டிருந்தான். அவனைத்தான் முதலில் கேட்டேன். அவன் சொன்ன முதல் விஷயமே எனக்குத் தெரியாதது. "சித்தி, இது யாரும் நமக்குப் போடுற தர்மம் இல்ல. 1948லேயே மதராஸ் பொது நூலகச் சட்டம் வந்துடுச்சு. சுதந்திரத்துக்கு அப்புறம் இந்தியாவில் வந்த முதல் நூலகச் சட்டம் அதுதான். இந்திய நூலக அறிவியலோட தந்தைன்னு சொல்ற, சீர்காழியில பொறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் வருஷக்கணக்கா அதுக்காகப் பாடுபட்டார். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலகத்துக்குன்னு தனியா வாங்குறாங்க" என்றான். அதாவது ஆயிரம் ரூபாய் வரி கட்டும் வீடு அதற்கு மேல் நூறு ரூபாயை நூலகத்துக்கென்றே கட்டுகிறது. உள்ளாட்சி அதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும்.

அன்றிலிருந்து வரி ரசீது நகலெடுக்க வருகிறவர்களுக்கு அந்தத் தொகையை விரலால் தொட்டுக் காட்ட ஆரம்பித்தேன். "இது நாம குடுக்கறமா?" என்று அத்தனை பேரும் கேட்டார்கள். இதைச் செய்து பாருங்கள். 'நூலகத்துக்கு ஏதாவது செய்யணும்' என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் 'நம்ம நூலகம் ஏன் இப்படி இருக்கு' என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். ஊர்க் கருத்து கேட்பதற்கு முன்னால் ஊருக்கு அதில் பாத்தியதை இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

அப்புறம் கூட்டம் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி, நூலகத்திலேயே. நானே நோட்டீஸ் அடித்து ஒட்டினேன். பதினான்கு பேர் வந்தார்கள். ஓய்வுபெற்ற ஐயாக்கள் ஒன்பது பேர், டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கும் பிள்ளைகள் நாலு பேர், பெண் என்று நான் ஒருத்தி. என்ன வேண்டும் என்று கேட்டோம். ஏசி, வைஃபை, கழிப்பறை, இன்னும் இரண்டு நாளிதழ், குரூப் 4 புத்தகங்கள். ஒன்றரை மணி நேரத்தில் பட்டியல் முடிந்துவிட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. டைப் செய்து, பதினான்கு பேரிடமும் கையெழுத்து வாங்கி, 'பத்தாண்டுத் திட்டம்' என்று மேலே தலைப்பும் போட்டேன்.

அதைப் படித்துப் பார்த்த நூலகர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதுல பத்து வருஷம் எங்கே இருக்கு?"

உண்மைதான். அதில் இருந்தது இன்றைக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் இன்றைய குறை. அவை நியாயமான குறைகள், கழிப்பறை இல்லாத நூலகத்தில் ஒரு பெண் எத்தனை மணி நேரம் படிக்க முடியும்? ஆனால் நூலகத்துக்குள் கூட்டம் போட்டு நூலகத்தைப் பற்றிக் கேட்டால், ஏற்கனவே வருகிறவர்கள்தான் வருவார்கள். வராதவர்கள் ஏன் வருவதில்லை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பத்து வருடம் கழித்து இந்த இடம் யாருக்காக இருக்கப் போகிறது என்பதை முடிவு செய்ய, இதுவரை வாசல் மிதிக்காதவர்களைத்தான் கேட்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள எங்களுக்குப் பல மாதம் ஆனது.

வராதவர்களை எங்கே பிடிப்பது? என் கடைக்கு எல்லோரும் வருகிறார்கள். நகல் எடுத்து, வெட்டி, ஸ்டேப்ளர் போட்டுக் கொடுக்க ஐந்து நிமிடம் ஆகும். ஒரு நீள நோட்டைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். முதல் வாரம் "நூலகத்துல உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன். "எனக்கு எதுக்குப்பா நூலகம்" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். கேள்வியில்தான் தப்பு. நூலகத்தை நினைத்தே பார்க்காதவரிடம் நூலகத்தைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வார்?

அக்கா மகன் வேறு மாதிரி கேட்கச் சொன்னான். நூலகத்தை விட்டுவிட்டு அவர்களுடைய நாளைக் கேள் என்றான். அதனால் மூன்று கேள்வி வைத்துக்கொண்டேன். நேற்று மதியம் மூன்று மணிக்கு எங்கே இருந்தீர்கள்? கடைசியாக எதையாவது படிக்கவோ எழுதவோ வேண்டி வந்தது எப்போது, அதற்கு யாரிடம் போனீர்கள்? உங்கள் வீட்டுப் பிள்ளை சாயங்காலம் எங்கே உட்கார்ந்து படிக்கிறது? நூலகம் என்ற சொல்லே இந்தக் கேள்விகளில் இல்லை. நோட்டு நிறைந்துவிட்டது.

அதில் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்துத் தெருத் தெருவாக விற்கும் ஆயா ஒருவர் எனக்குப் பல வருடப் பழக்கம். வங்கியிலிருந்து வந்த கடிதத்தை நகலெடுக்க வந்தார். நான் கேட்டதும், "எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சியா? அஞ்சாவது வரைக்கும் படிச்சவ நானு" என்றார். கடிதத்தைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்தார், கண்ணைச் சுருக்கினார், அப்புறம் என்னிடமே கொடுத்துவிட்டார். நான் என் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். நாற்பது வயதுக்கு மேல் கிட்டத்துப் பார்வைக்குப் போடுகிற சாதாரணக் கண்ணாடி. போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக, வாயை அசைத்து, வங்கியின் பெயரைப் படித்தார். பிறகு தன் பெயரைப் படித்தார். "எம் பேரு தப்பா இருக்குடி" என்றார். நிஜமாகவே தப்பாக இருந்தது. 'ழ' போட வேண்டிய இடத்தில் 'ல' போட்டிருந்தார்கள்.

எத்தனை பேரைப் 'படிக்காதவர்கள்' என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம் என்று அன்றைக்கு எனக்கு நெஞ்சு கனத்தது. அவர்கள் படிப்பை விடவில்லை, கண்தான் மங்கிவிட்டது. பிறகு நோட்டில் பார்த்தால் ஐம்பதைத் தாண்டிய பல பேர் இதையே வேறு வேறு வார்த்தையில் சொல்லியிருந்தார்கள். 'எழுத்து சின்னதா இருக்கு', 'தலை வலிக்குது', 'பேப்பர் பார்த்தா தூக்கம் வருது'. எங்கள் திட்டத்தில் முதலில் நிறைவேறியது இதுதான். ஒரு தகரப் பெட்டியில் 1, 1.5, 2, 2.5 பவரில் பத்துக் கண்ணாடி. நூலகர் மேசையில் இருக்கும், வாங்கிப் போட்டுக்கொண்டு படித்துவிட்டுத் திருப்பித் தர வேண்டியதுதான். மிகக் குறைந்த செலவு. கூட்டத்துக்கு வந்த பதினான்கு பேரில் யாருக்கும் இது தோன்றவில்லை. அவர்கள் எல்லோரும் கண்ணாடி போட்டிருந்தார்கள்.

செலவே இல்லாமல் நடந்தது இன்னொன்று. எட்டாவது படிக்கும் பெண் ஒருத்தி சொன்னது. நாளிதழ் மேசை வாசலை ஒட்டி இருந்தது. பெஞ்சில் ஆண்கள் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள், அவர்களைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். "எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்ப்பாங்கக்கா. அதான் வரமாட்டோம்." யாரும் தப்பாக நடந்துகொள்ளவில்லை. பார்ப்பதே போதும், பதிமூன்று வயதுப் பெண்ணுக்கு. மேசையை எடுத்துப் பின்பக்க ஜன்னலோரம் போட்டோம். காற்று நன்றாக வருகிறது என்று ஐயாக்களுக்கும் சந்தோஷம். வாசலை ஒட்டிப் பிள்ளைகளின் அலமாரி வந்தது. ஒரு மாதத்தில் பள்ளிக்கூடப் பைகள் வாசலில் வரிசை கட்டின. புதுக் கட்டிடத்தின் வரைபடத்துக்கான முதல் குறிப்பாக இதையே எழுதினோம்: வாசலுக்கு அருகே பிள்ளைகள், நாளிதழ் உள்ளே.

நேரம் பற்றியும் நோட்டு நிறையச் சொன்னது. நூலகம் காலையிலும் மாலையிலும் திறந்திருக்கும், நடுவில் பூட்டு. சிப்காட்டில் முதல் ஷிப்ட் பார்ப்பவர்கள் இரண்டு மணிக்கு மேல்தான் வெளியே வருகிறார்கள். வீட்டுப் பெண்களுக்குக் கை ஓய்வாகிற நேரமும் அதுதான். மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றி யாருமே யோசித்ததில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அதே சமயம் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை. வருடத்தில் அப்பாவும் பிள்ளையும் பகலில் ஒன்றாக வீட்டில் இருக்கும் இரண்டு மாதம் அவை. எங்கள் நூலகத்தின் பெரிய நிகழ்ச்சிகள் எல்லாம் நவம்பரில், நூலக வார விழாவில் நடக்கும். நவம்பர் இங்கே அடைமழைக் காலம், யார் வருவார்கள்? விழாவை விடச் சொல்லவில்லை, அது நாடு முழுக்க நடப்பது. ஆனால் பிள்ளைகளுக்கான வேலைகளைத் தடைக்காலத்துக்கு மாற்றும்படி திட்டத்தில் எழுதினோம். இப்போது மே மாதம் முழுக்க வாரம் இரண்டு நாள் நடக்கிறது. வலை பின்னும் அண்ணன் ஒருவர் வந்து, எந்த மீனுக்கு எந்தக் கண்ணி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். அதை ஒரு பெண் பிள்ளை படம் போட்டுப் புத்தகமாகத் தைத்து அலமாரியில் வைத்திருக்கிறாள்.

இனி இடம் விஷயத்துக்கு வருகிறேன். எல்லாவற்றிலும் பெரிது அது.

காலி மனை ஒன்று இருப்பதாகவும் மனு கொடுத்தால் கிடைக்கக்கூடும் என்றும் சொன்னார்கள். பெரிய சாலைக்குப் பக்கம், பள்ளிக்கூடமும் அருகில். கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். மறுநாள் கடையில் ஆயாவிடம் சொன்னேன். "அந்த எடமா? நீ வா எங்கூட" என்று கூட்டிக்கொண்டு போனார். மனையை ஒட்டிய வீட்டுச் சுவரில் தன் இடுப்புக்கு நேராக விரலை வைத்து, "பெருவெள்ளத்துல தண்ணி இந்தாண்ட வரைக்கும் வந்துச்சி. வடிய அஞ்சு நாளு" என்றார். 2015 நவம்பரில் கடலூர் மாவட்டம் மழையில் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். அந்த வருடம் எங்கள் நூலகத்திலும் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் அத்தனையும் ஊறிப் பருத்து, அலமாரியிலிருந்து உருவவே முடியாமல் இறுகிவிட்டன. கடப்பாரை வைத்து நெம்பி எடுத்ததை நான் பார்த்தேன். அதைப் பார்த்த நானே மனையைப் பற்றிப் பேசும்போது தண்ணீரை மறந்துபோனேன்.

2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம். பதினோரு வருடத்தில் மூன்று. பத்து வருடத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் நடுவில் ஒரு வெள்ளமாவது வரும் என்று எண்ணித்தான் போட வேண்டும், அதுவும் உப்பனாற்றை ஒட்டிய ஊரில். வாசகர் வட்டத்துப் பிள்ளைகள் ஆறு பேர் சாக்பீஸும் டேப்பும் எடுத்துக்கொண்டு நாலு தெரு போனார்கள். வீட்டு வீட்டுக்குக் கதவைத் தட்டி, 2015இல் தண்ணீர் எதுவரை நின்றது, எத்தனை நாள் நின்றது என்று கேட்டு, சுவரில் கோடு போட்டு அளந்தார்கள். பெரும்பாலும் பெண்கள்தான் துல்லியமாகச் சொன்னார்கள், அடுப்பு முங்கிய உயரம் அவர்களுக்கு மறக்கவில்லை. அந்த அளவுகளை எல்லாம் பெரிய சார்ட்டில் தெருப்படம் போட்டு எழுதினோம். எங்கள் மனுவோடு போன காகிதங்களிலேயே அதிகாரிகள் நின்று பார்த்தது அந்தச் சார்ட்டைத்தான். இப்போது கேட்டிருப்பது வேறு மனை. சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது, ஆனால் மேடு. தரைமட்டத்தை 2015 கோட்டுக்கு மேல் உயர்த்த வேண்டும், சாய்தளம் வேண்டும், கீழ்த்தட்டு முழங்கால் உயரத்துக்கு மேல்தான் தொடங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

இத்தனையும் சேர்ந்தபோது நோட்டில் நூற்றுக்கணக்கான வரிகள். எதை எடுப்பது, எதை விடுவது? இங்கே அக்கா மகன் பாடத்தில் படித்த ஒன்று கைகொடுத்தது. அமெரிக்காவில் பொது நூலகச் சங்கம் ஒரு காலத்தில் நாடு முழுமைக்கும் பொதுவான அளவுகோல் வைத்திருந்ததாம். 1980இல் அதை விட்டுவிட்டு, ஒவ்வொரு நூலகமும் தன் ஊரை விசாரித்துத் தன் திட்டத்தைத் தானே போட்டுக்கொள்ளட்டும் என்று வழிமுறையை மாற்றியது. 1998இல் இன்னொரு படி போய், ஒரு பொது நூலகம் செய்யக்கூடிய 13 வகைச் சேவைகளை வரிசைப்படுத்தி, இதில் உங்கள் ஊருக்கு எது முக்கியமோ அந்தச் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றது. எங்கள் நூலகத்தில் வேலை பார்ப்பது ஒரே ஒருவர். அவரால் எல்லாவற்றையும் செய்ய முடியாது. மூன்றை எடுத்தோம். பிள்ளைகளுக்குச் சாயங்காலப் படிப்பிடம், பெரியவர்கள் மறுபடி படிப்பதற்கான உதவி, விண்ணப்பம் எழுதவும் அரசுக் காகிதம் புரியவும் ஒரு மேசை. போட்டித் தேர்வுப் பிள்ளைகளுக்கு வருத்தம்தான். அவர்கள் இடத்தை நாங்கள் பறிக்கவில்லை. அடுத்த ஐந்து வருடப் புதிய உழைப்பு எங்கே போகும் என்பதைத்தான் முடிவு செய்தோம். அதை அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னோம். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வட்டத்திலிருந்து விலகினார்கள். ஒருவர் திரும்பி வந்துவிட்டார்.

எடுத்தவற்றை மூன்று உறைகளில் போட்டோம். நாமே இந்த மாதம் செய்யக்கூடியது ஒன்று. நூலகர் வழியாக மாவட்ட நூலக அலுவலரிடம் கேட்க வேண்டியது இரண்டாவது. நிலம், கட்டிடம், இன்னொரு ஊழியர் என்று பல வருடம் பிடிப்பது மூன்றாவது. முதல் உறை காலியாக இருந்தால் உங்கள் திட்டம் வெறும் மனுதான். மக்கள் பொறுமையாக இருப்பார்கள், ஆனால் ஏதாவது ஒன்று கண்ணில் பட வேண்டும். கண்ணாடிப் பெட்டியும் மேசை மாற்றமும் அதைத்தான் செய்தன. முதல் இரண்டு வருடத்துக்கு மாதம், பொறுப்பு, செலவு எல்லாம் குறித்தோம். அதற்கு மேல் உள்ள வருடங்களுக்குத் தலைப்பு மட்டும். ஏழாம் வருடம் மார்ச் மாதம் என்ன செய்வோம் என்று எழுதினால் அது கற்பனை.

எண்ணிக்கை வேண்டும் என்று மாவட்ட அலுவலகத்தில் கேட்பார்கள். வருகைப் பதிவேட்டை மட்டும் நம்பாதீர்கள். பேனா இல்லையென்றால் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை, பிள்ளைகள் போடுவதே இல்லை. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் மணிக்கு ஒரு கட்டம் போட்டு, உள்ளே இருக்கும் ஆண், பெண், பிள்ளைகளைக் கோடு போட்டு எண்ணுங்கள். ஒரு வாரம் போதும். அதையே ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யுங்கள்.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம். ஆயிரம் ரூபாய் கட்டி நூலகப் புரவலராகச் சேரலாம் என்பது பல பேருக்குத் தெரியாது. பெரிய வேலைகளுக்குச் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி நிதியைக் கேட்கலாம். 'நமக்கு நாமே' திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை ஊர் திரட்டினால் மீதியை அரசு போடுகிறது. நாங்கள் சுற்றுச்சுவருக்கு அதைத்தான் நம்பியிருக்கிறோம். 2022 நவம்பரிலிருந்து நகரங்களில், அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை இருக்கிறது. கிராமமாக இருந்தால் வருடத்துக்கு ஆறு கிராம சபை இருக்கிறது. நூலகத் தீர்மானத்தை அங்கே வையுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதற்குத் தனி மதிப்பு.

இனி நாங்கள் செய்த தவறு. இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பாதி உண்மை.

நோட்டில் சொன்னவர்களிடம் நாங்கள் திரும்பிப் போகவில்லை. ஏழெட்டு மாதம் மனு எழுதுவதும் அலைவதுமாக இருந்துவிட்டோம். மதிய நேரத்தில் திறக்கச் சொன்ன ஒரு அக்கா, பிள்ளையின் மதிப்பெண் பட்டியலை நகலெடுக்க வந்தார். நான் வழக்கம்போல ஏதோ கேட்டேன். "போன வருஷமும் கேட்டீங்க, சொன்னேன். என்னாச்சு?" என்றார். என்னிடம் பதில் இருந்தது. ஒரே ஊழியரை வைத்து மதியமும் திறக்க வழியில்லை, கேட்டிருக்கிறோம், இன்னும் உத்தரவு வரவில்லை. ஆனால் அவர் கேட்கும் வரை நான் சொல்லவில்லையே. கேட்டுவிட்டுக் காணாமல் போவது கேட்காமலே இருப்பதைவிட மோசம். அவரை இரண்டாவது முறை நம்ப வைக்க ரொம்ப நாள் பிடித்தது.

இப்போது நூலக வாசலில் ஒரு கரும்பலகை இருக்கிறது. மூன்று பத்தி: ஊர் சொன்னது, நடந்தது, நடக்கவில்லை என்றால் ஏன். மாதம் முதல் தேதி பிள்ளைகள் அழித்து எழுதுகிறார்கள். 'மதியம் திறப்பது: இல்லை. ஆள் போடவில்லை. மூன்றாவது முறையாகக் கேட்டிருக்கிறோம்' என்று பளிச்சென்று எழுதியிருக்கும். அதை எழுதத் தொடங்கிய பிறகு யாரும் எங்களைக் கோபித்துக்கொள்வதில்லை.

இரண்டாவது தவறு, திட்டத்தின் ஒரே கோப்பை நூலகர் பீரோவில் வைத்தது. அவருக்கு மாறுதல் வந்தது. நல்ல இடம்தான், சந்தோஷமாக வழியனுப்பினோம். புதியவர் வந்து பொறுப்பு வாங்கும்போது புத்தகம், பீரோ, நாற்காலி எல்லாம் எண்ணினார்கள். எங்கள் கோப்பு எந்தப் பட்டியலிலும் இல்லை, எங்கே போனதென்றே தெரியவில்லை. நல்லவேளை, நோட்டு என் கடையில் இருந்தது. இரண்டு வாரம் உட்கார்ந்து மறுபடி டைப் செய்தோம். நூலகர்கள் மாறுவார்கள், கவுன்சிலர்கள் மாறுவார்கள், நானே இருப்பேனா தெரியாது. பத்து வருடக் காகிதம் ஒருவர் பீரோவில் இருக்கக் கூடாது. இப்போது நான்கு பிரதி: நூலகத்தில், என் கடையில், பள்ளித் தலைமை ஆசிரியரிடம், மாவட்ட அலுவலகத்தில் முத்திரை வாங்கிய ஒன்று. ஜெராக்ஸ் கடைக்காரிக்கே இது முதலில் தோன்றவில்லை என்பதை நினைத்தால் இன்றும் வருத்தம்தான்.

மனம் சோர்ந்திருந்த அந்த நாட்களில் வட்டத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் போனோம். பஸ்ஸில் ஒரு மணி நேரம். அங்கே ரோமன் ரோலண்ட் நூலகம் 1827இல் தொடங்கியது. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் பிறந்து, 1954இல் ஆட்சி மாறி, 1966இல் இப்போதைய பெயர் வைத்து, இன்றும் திறந்திருக்கிறது. 2027இல் அதற்கு 200 வயது. "நம்ம திட்டம் பத்து வருஷம்தானா?" என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே அடுத்த ஆறு மாத வேலையைப் பிரித்துக்கொண்டோம்.

மனை இன்னும் கைக்கு வரவில்லை. கோப்பு நகர்கிறது என்கிறார்கள். நானும் மாதம் ஒருமுறை போய் எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்டு, பலகையில் எழுதச் சொல்கிறேன். இடத்துக்காரர் இன்னும் ஒரு வருடம் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அவரும் வெள்ள அளவுச் சார்ட்டைப் பார்த்தவர்தான், தன் வீட்டுக் கோட்டைத் தானே வந்து திருத்திவிட்டுப் போனார்.

போன வாரம் புதிய நூலகர் கடைக்கு வந்தார். கண்ணாடிப் பெட்டியில் 2 பவர் கண்ணாடி இரண்டும் எப்போதும் வெளியிலேயே இருக்கின்றனவாம், இன்னும் நாலு வாங்க வேண்டும் என்றார். யார் அப்படி எடுக்கிறார்கள் என்று கேட்டேன். மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு ஒரு ஆயா வருகிறார், தனியாக வருவதில்லை, கூடவே மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறார் என்றார். கூடை வைக்க வாசலில் நிழல் வேண்டுமாம். நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன்.